பத்தாவது கேள்விக்குப் பொய் எழுதிவிட்டு வந்தேன்

அரைத்தூக்கம் | இரவு 2:47

குழந்தைக்கு ஏழு வாரம் ஆகிறது. நேற்று செக்கப்புக்குப் போயிருந்தோம். எடை கூடியிருக்கிறது, தலைச் சுற்றளவு சரியாக இருக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். கிளம்பும் நேரத்தில் என் கையில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, "கடந்த ஏழு நாள்ல எப்படி இருந்துச்சுன்னு டிக் பண்ணுங்க மேடம்" என்றார்கள். பத்துக் கேள்விகள்.

ஒரு பக்கம் மாமியார், இன்னொரு பக்கம் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு கணவர். ஒன்பது கேள்விகளை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். பத்தாவது கேள்வி, என்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. 'எப்போதாவது' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டேன், மைப்புள்ளிகூட விழுந்துவிட்டது. மாமியார் எட்டிப் பார்ப்பது போலிருந்தது. சட்டென்று ஒரு வரி கீழே இறங்கி 'ஒருபோதும் இல்லை'யில் டிக் போட்டேன். நர்ஸ் கூட்டிப் பார்த்துவிட்டு "ஓகே, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்று ஃபைலில் வைத்துவிட்டார்.

நான் எதுவும் செய்துகொள்ளப் போவதில்லை. நான் இல்லாவிட்டால் இவர்கள் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். குழந்தை தூங்கும்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. பால் கொடுக்கிறேன், துணி மாற்றுகிறேன், குளிப்பாட்டுகிறேன், எதிலும் குறை இல்லை. ஆனால் குழந்தையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை. யாரோ ஒருவருடைய குழந்தையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. படிக்கட்டில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது கை நழுவிவிடுமோ, நானே விட்டுவிடுவேனோ என்று ஒரு காட்சி வருகிறது. அதனால் படியிறங்குவதையே விட்டுவிட்டேன்.

உண்மையை எழுதியிருந்தால் குழந்தையை என்னிடமிருந்து எடுத்துக்கொள்வார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரட்டைப் பிள்ளைக்காரி | இரவு 2:58

தோழி, நானும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதலில் ஒன்று நேரடியாகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது, இந்த நிமிடம், உங்களை ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறதா? அல்லது குழந்தையை? ஆமாம் என்றால் இங்கே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டில் இருப்பவரை எழுப்பி, குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அரைத்தூக்கம் | இரவு 3:06

இல்லை. சத்தியமாக இல்லை. படிக்கட்டுக் காட்சி வந்தாலே உடம்பெல்லாம் நடுங்குகிறது. கணவர் பக்கத்து அறையில் தூங்குகிறார். எழுப்ப மனசு வரவில்லை, காலையில் அவருக்கு வேலை இருக்கிறது.

இரட்டைப் பிள்ளைக்காரி | இரவு 3:09

உங்களுக்கும் காலையில் வேலை இருக்கிறது. எழுப்புங்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்" என்று மட்டும் சொன்னால் போதும். மற்றதை விடிந்ததும் பேசிக்கொள்ளலாம்.

நைட் டியூட்டி | காலை 7:20

பணி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். பிரசவ வார்டில் பதினான்கு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். சிஸ்டர், நீங்கள் நிரப்பிய தாளைப் பற்றிச் சொல்கிறேன், பயம் கொஞ்சம் குறையும்.

அது பெரும்பாலும், பிள்ளை பெற்றவர்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கிற எடின்பரோ அளவுகோலாகத்தான் இருக்கும். 1987-இல் ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகிய மூவரும் வெளியிட்டது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. களைப்பாக இருக்கிறதா, பசி எடுக்கிறதா என்று அதில் கேள்வியே இருக்காது, கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். பிள்ளை பெற்றவள் யாராக இருந்தாலும் களைப்பாகத்தான் இருப்பாள், அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. 3, 4, 5 ஆகிய மூன்று கேள்விகளும் பதற்றத்தைப் பற்றியவை. சிலருக்கு அழுகையே இருக்காது, பதற்றம் மட்டும்தான் இருக்கும். அவர்கள் அந்த மூன்றில்தான் பிடிபடுவார்கள்.

சில இடங்களில் 10 அல்லது அதற்கு மேல், சில இடங்களில் 13 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பேசுவார்கள். மதிப்பெண் கூடினால் நோய் என்று அர்த்தமில்லை. 'இவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்' என்று அர்த்தம். ஆனால் பத்தாவது கேள்வி தனி. மொத்தம் எவ்வளவு வந்தாலும் சரி, அதில் பூஜ்யத்தைத் தவிர எது இருந்தாலும் அன்றைக்கே கேட்டாக வேண்டும்.

என்ன கேட்பார்கள்? எப்போது தோன்றுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படிச் செய்துகொள்வது என்று ஏதாவது யோசித்தீர்களா, வீட்டில் யார் இருக்கிறார்கள். இவ்வளவுதான். 'எப்போதாவது' என்று டிக் போட்டதற்காக ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்ததை இந்தப் பதினான்கு வருடத்தில் நான் பார்த்ததில்லை. தாயை மருத்துவமனையில் சேர்த்துத்தான் சிகிச்சை தர வேண்டும் என்றால், குழந்தையையும் கூடவே வைத்துக்கொள்கிற தாய்-சேய் மனநல வார்டுகளே பல நாடுகளில் இருக்கின்றன. பிரித்தால் இருவருக்கும் கஷ்டம் என்று தெரிந்துதான் அப்படி ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

தப்பு உங்கள் மேல் இல்லை. மாமியாரையும் கணவரையும் இரண்டு பக்கமும் உட்கார வைத்துவிட்டு அந்தத் தாளைக் கையில் கொடுத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். நாங்கள் தனி அறையில்தான் கொடுப்போம். கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி, எல்லா நாளும் நடப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பழைய பஞ்சாங்கம் | காலை 8:02

நான் மூன்று பெற்றவள். எங்கள் காலத்தில் தாளும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. பிள்ளை பெற்றால் மார்க் போடுவார்கள் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அம்மா, போனைக் கீழே வை. பிள்ளை முகத்தைப் பார். எல்லாம் தானாகச் சரியாகும். யோசிக்க யோசிக்கத்தான் வியாதி.

வரிக்கு வரி | காலை 8:31

பஞ்சாங்கம் அம்மா, பெயர் தெரியாத காலத்திலும் வியாதி இருந்தது. லூயி விக்டர் மார்சே என்ற பிரெஞ்சு மருத்துவர் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும் மனநோயைப் பற்றி 1858-இலேயே தனிப் புத்தகம் எழுதிவிட்டார். இந்தத் துறைக்கான சர்வதேச சங்கமே அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெண்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். இவரும் நேற்றுச் சொல்லவில்லையே!

பழைய பஞ்சாங்கம் | காலை 8:40

பிரெஞ்சுக்காரர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு வியாதியைப் பற்றித் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். என் மருமகள் பிரசவமாகி வந்தபோது அவளும் இப்படித்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பேரனை வாங்கிக்கொண்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். இரண்டு மணிக்குத்தான் திருப்பிக் கொடுப்பேன். நடுவில் அவள் வந்து கதவைத் தட்டினாலும், போய்ப் படு என்று அனுப்பிவிடுவேன். எடுத்து வைத்த பாலை நானே கொடுத்துவிடுவேன். மூன்று வாரம் அப்படிச் செய்தேன். அவள் முகம் திரும்பிவிட்டது. இதற்கு நான் எந்தத் தாளும் நிரப்பவில்லை.

நைட் டியூட்டி | காலை 8:47

அம்மா, நீங்கள் சொன்னதில் பாதிக்கு நான் சண்டை போடுவேன். மீதிப் பாதியை, அந்த ஒன்பது முதல் இரண்டு வரைக்கும் என்பதை, மருந்துச் சீட்டிலேயே எழுதலாம். "குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு" என்பது எல்லோரும் சொல்கிற பேச்சு. எந்த நிமிடமும் அழுகை கேட்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பவளுக்கு அது தூக்கமே இல்லை. இன்னொருவர் பொறுப்பு எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தொடர்ந்து நாலைந்து மணி நேரம் தூங்கவிடுவது வேறு. அரைத்தூக்கம் சிஸ்டர், முதலில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஒன்று. குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொண்டும், அமைதியான அறையில் படுத்தும், அப்போதும் தூக்கமே வரவில்லை என்றால் டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அது வெறும் களைப்பு இல்லை.

புது அம்மா | காலை 10:15

நடுவில் என் சந்தேகத்தையும் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பிரசவமாகி ஐந்தாவது நாள். விளம்பரம் பார்த்தால் அழுகை, மின்விசிறி சுற்றினால் அழுகை. இதுவும் அந்த மனச்சோர்வுதானா?

வரிக்கு வரி | காலை 10:32

பெரும்பாலும் இல்லை. பிரசவமான ஓரிரு நாளில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் சடாரென்று இறங்கிவிடும். இரண்டாம் மூன்றாம் நாளில் அழுகை ஆரம்பிக்கும், ஐந்தாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் வருவதுதான். நடுநடுவே சிரிப்பும் வரும். இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றாலோ, சிரிப்பே வராமல் போய்விட்டாலோ அது வேறு கணக்கு. பிரசவத்துக்குப் பிறகு உலக அளவில் சுமார் 13 சதவீதத் தாய்மார்களுக்கு மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, வளரும் நாடுகளில் 20 சதவீதத்துக்குப் பக்கத்தில். முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம், சிலருக்குக் கர்ப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. அழுகையாகத்தான் வரும் என்றும் இல்லை. என் அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. பாட்டில் மூடியைக் காணவில்லை என்று வீடே அதிரக் கத்துவாள். திமிர் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம், நான் உட்பட.

குளியலறை வாசல் | பிற்பகல் 1:10

படிக்கட்டுக் காட்சியைப் பற்றி யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அதற்காகவே கணக்குத் தொடங்கி எழுதுகிறேன்.

எனக்கு அது தண்ணீர். குழந்தையைக் குளிப்பாட்ட உட்கார்ந்தால் போதும், தலை தண்ணீருக்குள் போவது போல ஒரு படம் கண்முன் ஓடும். ஓட்டுவது நானே என்பதுதான் தாங்க முடியாதது. ஐந்து வாரம் நான் குழந்தையைக் குளிப்பாட்டவில்லை. இடுப்பு வலி என்று பொய் சொன்னேன். என் கணவர் கடையில் போய் இடுப்புக்குப் பட்டை வாங்கி வந்து கொடுத்தார். பொய்யைக் காப்பாற்ற அதையும் கட்டிக்கொண்டு திரிந்தேன், உட்கார்ந்தால் வயிற்றில் வெட்டும்.

கடைசியில் மனநல மருத்துவரிடம் சொன்னபோது அவர் முகத்தில் எந்த அதிர்ச்சியும் இல்லை. "அந்தப் படம் வந்ததும் என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடுவேன் என்றேன். "அப்போ உங்க மூளை காவல் காக்குது. கொஞ்சம் ஓவரா காக்குது" என்றார். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற வேண்டாத காட்சிகள் புதுத் தாய்மார்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் எப்போதாவது வந்து போகிறதாம். நாமே ஏதாவது செய்துவிடுவோமோ என்ற வகையும் நிறையப் பேருக்கு வருகிறதாம், யாரும் வெளியே சொல்வதில்லை. அது போகாமல் திரும்பத் திரும்ப வந்து, அதற்குப் பயந்து வேலைகளையே தவிர்க்கத் தொடங்கினால் ஓசிடி வகை, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் துரத்துகிற நோய். எனக்கு அதுதான். விலகிப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குளியலறைக்குத் திரும்புவதுதான் சிகிச்சையாக இருந்தது. முதல் நாள் காலி டப்பின் பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்தது மட்டும்தான். அதற்கே வியர்த்துவிட்டது.

தோழி, நீங்கள் படியிறங்குவதை நிறுத்தியதைப் படித்ததும் என் இடுப்புப் பட்டைதான் ஞாபகம் வந்தது.

ஓரமாய் ஒருவன் | பிற்பகல் 2:25

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

காட்சி வந்து பயந்து நடுங்கினால் அது ஒன்று. காட்சியோ எண்ணமோ வந்து, அது நியாயம் என்று தோன்ற ஆரம்பித்தால் அது முற்றிலும் வேறு. என் மனைவிக்கு வந்தது இந்த இரண்டாவது வகை. பிரசவமான ஆறாம் நாள். அழுகையெல்லாம் இல்லை, ஏகப்பட்ட உற்சாகம். மூன்று இரவு தூங்கவில்லை, களைப்பும் இல்லை. அலமாரி முழுக்க அடுக்கினாள். நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள், பக்கத்துக்குப் பக்கம் அம்புக்குறி போட்டு. நாங்கள் "எவ்வளவு சுறுசுறுப்பு பாரு" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அது தொடங்கிய நான்காம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்று ரகசியக் குரலில் சொன்னாள். அம்புக்குறியெல்லாம் அதற்கான ஆதாரமாம்.

பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸ், நிஜம் எது என்பதே பிடிபடாமல் போகிற மனநோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு வருவது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். குடும்பத்தில் பைபோலார், அதாவது அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய், இருந்தால் வாய்ப்பு கூடுதல். அவளுடைய அம்மாவுக்கு இருந்தது, எங்களுக்குச் சொல்லப்படவில்லை. இதற்கு நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கிடையாது. அன்றைக்கே மருத்துவமனை. தனியாக விடக் கூடாது, குழந்தையோடும் தனியாக விடக் கூடாது. சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும் நோய் இது. நான்கு மாதத்தில் அவள் பழையபடி ஆகிவிட்டாள். அடுத்த பிரசவத்திலும் வர நிறைய வாய்ப்பு உண்டு, கருத்தரிக்கும் முன்னாலேயே வந்து பேசுங்கள் என்றார்கள். நாங்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவள் கேட்டால் கொடுப்பேன், இதுவரை கேட்கவில்லை.

பச்சிலை | மாலை 4:00

எல்லோரும் டாக்டர் டாக்டர் என்கிறீர்கள். போனால் மாத்திரை எழுதுவார்கள். மாத்திரை போட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும். மூச்சுப் பயிற்சி, நடை, சூரிய வெளிச்சம், இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

நைட் டியூட்டி | மாலை 5:12

நடையும் வெளிச்சமும் நல்லதுதான், யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் "பாலை நிறுத்த வேண்டும்" என்ற இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு மாத்திரை இல்லாமலே பேச்சு சிகிச்சையில் தொடங்கலாம். மாத்திரை தேவை என்றால், பால் கொடுப்பவர்களுக்கு டாக்டர்கள் அடிக்கடி தேர்ந்தெடுப்பது செர்ட்ராலின். பாலில் அது மிகக் குறைந்த அளவே கலக்கிறது. வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நாலு வாரம் வரை ஆகும், அதனால் பத்து நாளில் ஒன்றும் ஆகவில்லையே என்று விடக் கூடாது, தாமாக நிறுத்தவும் கூடாது. எல்லா மாத்திரையும் இப்படி இல்லை, பால் கொடுக்கிறேன் என்பதைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். இந்த நோய்க்கென்றே தனியாக வந்த மருந்துகளும் உண்டு. பிரெக்சனலோன் என்பதை அமெரிக்காவில் 2019-இல் அனுமதித்தார்கள், 60 மணி நேரம் நரம்பு வழியாக ஏற்ற வேண்டியிருந்த சமாச்சாரம், 2024-ஓடு அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். 2023-இல் சுரனலோன் வந்தது, 14 நாள் மாத்திரை. இது எல்லா இடத்திலும் கிடைப்பது அல்ல.

இன்னொன்று, மனசு என்று முடிவு கட்டும் முன் ரத்தமும் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தடுமாறுவது சகஜம். முதலில் படபடப்பு, அப்புறம் சோர்வு, மந்தம் என்று மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும். ரத்தசோகையும் அப்படித்தான்.

புது அம்மா | மாலை 5:40

பால் கொடுக்க ஆரம்பிக்கும்போது மட்டும் ஒரு நிமிடம் திடீரென்று மனசு பாதாளத்துக்குப் போய்த் திரும்பி வருகிறதே, அதுவும் இதில் சேர்த்தியா?

நைட் டியூட்டி | மாலை 5:48

அது டி-மெர். பால் இறங்கும் நேரத்தில் ஹார்மோன் மாற்றத்தால் வருவது, சில நிமிடத்தில் போய்விடும். மனச்சோர்வு அல்ல. பெயர் தெரிந்துவிட்டாலே பலருக்கு அதைத் தாங்க முடிகிறது.

மாடரேட்டர் | மாலை 6:30

"பெற்றவளுக்கே பாசம் இல்லையென்றால்" என்று தொடங்கிய ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். எழுதியவருக்குத் தனியாகச் சொல்லியாயிற்று. இழை தொடரட்டும்.

களப்பணி | இரவு 7:15

நீக்கிய பதிவை நான் படித்துவிட்டேன், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பாசம் எல்லோருக்கும் பிரசவ அறையிலேயே பொங்கிவிடாது. பலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்தான் ஊறி வரும். ஒன்றும் தோன்றாமலே ஏழு வாரம் ஒரு வேளை தவறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் இவர்.

நான் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர். எங்களுக்குப் பயிற்சியில் ஓர் ஆய்வைச் சொல்லிக் கொடுத்தார்கள். அதிஃப் ரஹ்மானும் அவருடைய குழுவினரும் பாகிஸ்தான் கிராமங்களில் செய்தது, 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மனச்சோர்வு இருந்த பெண்களிடம் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு போய்ப் பேசினார்கள். மனநல மருத்துவர் யாரும் வீட்டுக்கு வரவில்லை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, வழக்கமான வருகை மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம் பேருக்குச் சோர்வு நீடித்தது. இப்படிப் பேசப்பட்டவர்களில் 23 சதவீதம்தான். அதைத்தான் பின்னால் உலக சுகாதார நிறுவனம் கையேடாகவே போட்டது.

என்ன பேசுவோம் என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. 'நான் கெட்ட அம்மா' என்ற எண்ணம் எந்த நேரத்தில் வருகிறது என்று பார்ப்போம். அதை அப்படியே எடுத்து வைத்து, இதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா என்று சேர்ந்து யோசிப்போம். அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரே ஒரு சின்ன வேலை. அதில் கணவரையோ மாமியாரையோ ஒரு பங்காவது எடுக்க வைப்பது. இந்தக் கடைசி வேலைதான் எங்களுக்கு முழி பிதுங்கும்.

ஓரமாய் ஒருவன் | இரவு 7:50

அந்தப் பங்கைப் பற்றி ஆண்களுக்கு ஒரு வார்த்தை. "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லாதீர்கள். என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொல்கிற வேலையையும் அவள் தலையிலேயே கட்டுகிற பேச்சு அது. "ராத்திரிப் பாதி என்னுடையது" என்று சொல்லிவிட்டு அலாரம் வையுங்கள். அப்புறம், உங்களுக்கே மனசு சரியில்லை என்றால் மறைக்காதீர்கள். அப்பாக்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு வருகிறது.

இரட்டைப் பிள்ளைக்காரி | இரவு 8:05

எல்லாம் சரி, அவர் எப்படிச் சொல்லப் போகிறார் என்பதுதான் என் கவலை. வாய் திறந்தால் "நல்லா இருக்கேன்" என்றுதான் தானாக வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது. தோழி, சொல்ல வேண்டாம். எழுதிக் கொடுங்கள். "அந்தத் தாளில் பத்தாவது பதில் தவறு. சரியான பதில் எப்போதாவது." இரண்டே வரி. சீட்டை நீட்டிவிட்டுச் சும்மா உட்காருங்கள். மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள்.

அரைத்தூக்கம் | மூன்றாம் நாள், இரவு 8:41

எல்லோருக்கும் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும்.

அன்று மூன்றேகால் மணிக்குக் கணவரை எழுப்பினேன். என்ன சொல்வது என்று தெரியாமல் போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன். என் முதல் பதிவை மட்டும் படித்தார். படிக்கட்டு வரிக்கு வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அதனாலதான் கீழ வர மாட்டேங்கிறியா? நான் உனக்கு அம்மா மேல கோவம்னு நெனச்சேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வாரத்தில் முதல் தடவை.

மறுநாள் போன் செய்தோம். இன்றே வாருங்கள் என்றார்கள். இந்தத் தடவை அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். சீட்டை நீட்டினேன். டாக்டர் ஃபைலில் இருந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். 'எப்போதாவது' கட்டத்தில் என் மைப்புள்ளி அப்படியே இருந்தது. "இதைப் பார்த்தப்பவே நாங்க கேட்டிருக்கணும்" என்றார். அதற்கு நான் என்ன சொல்வது?

நைட் டியூட்டி அக்கா சொன்ன அதே கேள்விகள்தான். எப்போது, எவ்வளவு நேரம், ஏதாவது திட்டம் உண்டா, வீட்டில் யார் இருக்கிறார்கள். குழந்தை என் மடியிலேயேதான் இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மனச்சோர்வு, கூடவே பதற்றமும் நிறைய என்றார். படிக்கட்டைப் பற்றிச் சொன்னபோது அவரும் அதிர்ச்சியடையவில்லை. தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். செர்ட்ராலின் குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறார், பச்சிலை அவர்களே, பால் கொடுத்துக்கொண்டேதான். பேச்சு சிகிச்சைக்கு வியாழக்கிழமை. திரும்ப அந்த எண்ணம் பலமாக வந்தால் எந்த நேரமும் கூப்பிட ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள், ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம்.

மாமியாரிடம் கணவர்தான் சொன்னார், நான் அறைக்குள் இருந்துகொண்டு கேட்டேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "எத்தனை மணிக்கு வாங்கிக்கணும்?" என்று கேட்டார். ஒன்பது என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன்.

குழந்தையைப் பார்த்தால் இன்னும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நேற்று ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை தூங்கினேன். நடுவில் ஒரு தடவை எழுந்து கதவு வரைக்கும் போனேன், உள்ளேயிருந்து "போய்ப் படு" என்று குரல் வந்தது. பஞ்சாங்கம் அம்மா, நீங்கள்தானோ என்று ஒரு நிமிடம் சந்தேகமே வந்துவிட்டது.

பழைய பஞ்சாங்கம் | இரவு 8:46

நான் இல்லை. ஆனால் அந்த அம்மாளுக்குப் புத்தி இருக்கிறது. மாத்திரை விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடு கிடையாது, போட்டுக்கொள். மணி என்ன ஆகிறது பார்.

அரைத்தூக்கம் | இரவு 8:52

பார்த்தேன். கதவைத் தட்டுகிறார்கள், குழந்தையைக் கொடுக்கப் போகிறேன்.